லட்சுமிகாந்தன் வழக்கும் வக்கீல் பேச்சும்

வக்கீல் என்றால் வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர் என்பது நம் பக்கத்துக் கணக்கு. "இவன் வாய்க்கு வக்கீலாப் போயிருக்கலாம்" என்று ஏதாவது ஒரு பிள்ளையைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி படத்தின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் என் வயதுக்காரர்களில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ டூரிங் கொட்டகையில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, கோர்ட் என்றால் அப்படித்தான் முழங்குவார்கள் என்ற நினைப்பு.

நான் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கோர்ட்டுகளில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க்காகப் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஜட்ஜுக்குக் கீழே, வக்கீல்களுக்கு எதிரே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி. பராசக்தி மாதிரியான ஒரு பேச்சை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நல்ல வக்கீல் என்று பெயர் வாங்கியவர்களில் பலர் மெதுவாகப் பேசினவர்கள். பேச்சு முக்கியமில்லையா என்றால், மிகவும் முக்கியம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள, நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போன லட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

முதலில் சம்பவம். சி.என். லட்சுமிகாந்தன் "சினிமா தூது" என்ற பத்திரிகையையும், அது நின்ற பிறகு "இந்து நேசன்" என்ற பத்திரிகையையும் நடத்தியவர். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அவற்றின் சரக்கு. திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தவர்கள் ஏராளம். 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த வருஷ தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. டிசம்பர் மாதம் பாகவதர் கைதானார். கிருஷ்ணனும், கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பெரியவர்கள் பணம் கொடுத்து ஆள் வைத்துக் கொன்றார்கள் என்பது அரசுத் தரப்புக் கதை. "கதை" என்று நான் குறைவாகச் சொல்லவில்லை. எந்த வழக்கிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதையைத்தான் கொண்டுவருகின்றன. எந்தக் கதையைச் சாட்சியம் தாங்குகிறது என்பதே வழக்கு.

விசாரணை 1945-இல் சென்னை ஹைகோர்ட் செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னால் நடந்தது. அப்போது ஜூரி முறை இருந்தது. இளையவர்களுக்காக ஒரு வார்த்தை: நகரத்துக் குடிமக்களில் 9 பேரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைப்பார்கள். சட்டம் இன்னதென்று நீதிபதி எடுத்துச் சொல்வார். சம்பவம் நடந்ததா, இவர்கள் செய்தார்களா என்று தீர்மானிப்பது ஜூரிகள். ஆகவே வக்கீல் பேச்சு முழுவதும் அந்த 9 பேரை நோக்கியே இருக்கும்.

எதிர்த்தரப்பில் அந்தக் காலத்தின் பெரிய தலைகள் நின்றார்கள். கிரிமினல் வழக்குகளில் பெயர் பெற்ற வி.டி. ரங்கசாமி அய்யங்கார், பம்பாயிலிருந்து வந்த கே.எம். முன்ஷி என்று. ஸ்ரீராமுலு நாயுடுவுக்காக முன்ஷி வாதாடினார், நாயுடு விடுதலையானார். பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் 6 பேர் சொன்னார்கள், 3 பேர் இல்லை என்றார்கள். பெரும்பான்மையை நீதிபதி ஏற்றுக்கொண்டார். 1945 மே 3-ஆம் தேதி இருவருக்கும் ஆயுள் தண்டனை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அரசுத் தரப்பின் சதிக் கதைக்கு முக்கியமான தூண், அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம். அப்ரூவர் என்றால், "நானும் குற்றத்தில் கூட்டாளிதான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மன்னிப்பு கொடுங்கள்" என்று வருகிறவர். அவர் சாட்சி சொல்லத் தகுதியானவர் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் ஒரு பிரிவில் சொன்னது. அதே சட்டம் இன்னொரு பிரிவில், முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளியை நம்பத்தக்கவர் அல்ல என்று கோர்ட் ஊகிக்கலாம் என்றும் சொன்னது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்து வைத்த மாதிரிதான். அப்ரூவர் சாட்சியத்தில் ஒரு கவர்ச்சி உண்டு. முதல், நடு, முடிவு எல்லாம் சேர்ந்த முழுக் கதையாக அது வரும். மற்றவர்கள் ஒருவர் கத்தியைப் பார்த்தேன் என்பார், ஒருவர் ரிக்ஷாவைப் பார்த்தேன் என்பார். அப்ரூவர் ஒருவர்தான் "இன்ன இடத்தில் கூடினோம், இன்னது பேசினோம்" என்று கோத்துக் கொடுப்பார். கேட்கிற சாமானியருக்கு மாலை தெரியும், நார் தெரியாது.

தண்டனையை எதிர்த்து அதே ஹைகோர்ட்டில் அப்பீல். இப்போது கேட்பவர்கள் வேறு. ஜூரி இல்லை, நீதிபதிகள் மட்டும். அப்பீல் தள்ளுபடியானது. பாகவதர் ஒப்புக்கொண்டிருந்த படங்கள் கைமாறிப் போயின. வழக்குச் செலவு மலை மாதிரி ஏறியது. கடைசி வாய்ப்பு லண்டன் பிரிவி கவுன்சில்.

அங்கே வாதாடியவர் டி.என். பிரிட் என்ற ஆங்கிலேய வக்கீல். பிரிவி கவுன்சில் சாதாரணமாகக் கிரிமினல் வழக்கில் சாட்சியத்தைத் திரும்ப எடைபோடாது. சாட்சி உண்மை சொன்னானா என்று அங்கே போய்ப் பேசினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். விசாரணை முறையில் அநீதி நடந்திருக்கிறதா என்ற ஒரு கதவு மட்டுமே திறந்திருக்கும். பாகவதரின் பாட்டையோ, புகழையோ, குடும்பத்தின் கண்ணீரையோ அந்தக் கதவுக்குள் கொண்டுபோக முடியாது. ஹைகோர்ட் செஷன்ஸ் தீர்ப்புகளின் மீது அப்பீல் கேட்க 1943-இல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவின்படி ஹைகோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்ற சட்டப் பிரச்சினை எழுந்தது. 1947-இல் பிரிவி கவுன்சில், அப்பீலை மறுபடி கேட்டு முடிவு செய்யும்படி வழக்கைச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. பாகவதர் குற்றமற்றவர் என்று லண்டன் சொல்லவில்லை. திரும்பக் கேள் என்று மட்டுமே சொன்னது.

திரும்பக் கேட்டவர்கள் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன். வாதாடியவர் வி.எல். எத்திராஜ். வேலூர்ப் பக்கத்து மனிதர். சென்னையில் கிரவுன் பிராசிக்யூட்டர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பிற்பாடு 1948-இல் பெண்களுக்காக எத்திராஜ் கல்லூரியைத் தொடங்கியவரும் இவரே. அரசுத் தரப்பு ஒரு வழக்கை எப்படிச் செங்கல் செங்கலாக அடுக்கும் என்பது, தானே அடுக்கிய அனுபவம் உள்ள எத்திராஜுக்குத் தெரியாமலா இருக்கும்? எந்தக் கல் சும்மா நிற்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல அப்படிப்பட்டவரால்தான் முடியும். 1947 ஏப்ரலில், அந்தச் சாட்சியத்தை நம்பிச் சதிக் குற்றத்தை நிலைநிறுத்த முடியாது என்று பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலையானார்கள்.

இப்போது பாருங்கள். சம்பவம் ஒன்று, சாட்சிகள் அவர்களே, ஏடுகளும் அவையே. கேட்ட சபைகள் மட்டும் மாறின. ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு கேள்வி. ஜூரிக்கு முன்னால் "இந்தக் கதையை நம்புகிறீர்களா?" லண்டனில் "சட்டப்படி இதைக் கேட்டார்களா?" மறுபடி சென்னையில் "இந்தக் கதைக்குக் கீழே தரை இருக்கிறதா?" சபை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று தெரிந்து அந்தக் கேள்விக்கு மட்டும் பேசுகிறவரே வக்கீல். மற்றக் கேள்விகளுக்கு எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது மேடைப் பேச்சு.

இதை நம் பக்கத்து மக்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சி வட்டாரம் பாரதக் கூத்தின் தாய்மண். மேலச்சேரி திரௌபதியம்மனைத் தெரியாதவர்கள் யார்? துகில் உரியும் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி அழுகிறாள், சபதம் போடுகிறாள். ஆனால் சபையின் வாயை அடைத்தது அவள் கேட்ட ஒரே ஒரு சட்டக் கேள்விதான். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மராலேயே அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணகி கதையிலும் அப்படியே. அவள் முதலில் சிலம்பை உடைக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் தேவியின் சிலம்பில் முத்து என்பதை அரசன் வாயாலேயே சொல்ல வைத்தாள். அப்புறம் உடைத்தாள். எதிராளியை முதலில் ஒரு பதிலுக்குள் நிற்க வைத்துவிட்டு, பிறகு சான்றுப் பொருளைக் காட்டுவது. இன்றைக்கும் ஜூனியர் வக்கீலுக்குச் சீனியர் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு விசாரணைப் பாடம் இதுவே. வரிசையை மாற்றினால், "எங்கள் சிலம்பிலும் மாணிக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கதை சாட்சியத்தைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம், நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியோடு தொடர்புடையது. 1908-இல் கல்கத்தாவில் நடந்த அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தரும் ஒரு குற்றவாளி. அரசுத் தரப்பில் வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன், சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். 200-க்கு மேல் சாட்சிகள், 4,000-க்கு மேல் ஆவணங்கள். தனது சிறை அனுபவத்தை எழுதிய அரவிந்தர், ஷேக்ஸ்பியர் பழைய வரலாற்றுத் துணுக்குகளை வைத்து நாடகம் எழுதியதுபோல நார்ட்டன் துண்டு துணுக்குகளைக் கற்பனையால் ஒட்டி ஒரு பெரிய நாடகமே எழுதிவிட்டார் என்ற பொருளில் கேலி செய்கிறார். எதிர்த்தரப்பில் சித்தரஞ்சன் தாஸ். பல நாள் நீண்ட அவருடைய இறுதி வாதத்தின் உருக்கமான முடிவைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் கடிதம் கடிதமாக உட்கார்ந்து பிரித்த வேலை இருக்கிறது. அரவிந்தருக்கு எதிராக "மிட்டாய்க் கடிதம்" என்று ஒன்றைப் பெரிதாகக் காட்டினார்கள். மிட்டாய் என்றால் குண்டு என்பது அரசுத் தரப்பு விளக்கம். அந்தக் கடிதமே சந்தேகத்துக்குரியது என்று தாஸ் காட்டினார். 1909 மே 6-ஆம் தேதி அரவிந்தர் விடுதலையானார். மறு வருஷம் புதுச்சேரி வந்து சேர்ந்தார். உருக்கமான முடிவுரைக்கு எடை கொடுத்தது கடிதங்களைப் பிரித்த வேலை.

ஜூரி முறை நம் நாட்டில் மறைந்துவிட்டது. 1959-இல் பம்பாய் நானாவதி வழக்கில் ஜூரிகள் 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்கே தண்டனையானது. 1961-இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே தரவில்லை. ஆகவே இன்றைக்கு வக்கீல் பேசுவது நீதிபதியிடம். அதைவிட முக்கியமாக, ஏட்டில் ஏறுகிற எழுத்திடம். இந்த இடத்தில்தான் நம் ஊர்ச் சாட்சிகள் படும் பாட்டைச் சொல்ல வேண்டும்.

கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. பெரும்பாலும் கேள்வி பதிலாக எழுதமாட்டார்கள். கேள்வியையும் பதிலையும் சேர்த்து, சாட்சியே சொன்னதுபோல ஒரு வாக்கியம் ஆக்குவார்கள். "நீங்கள் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை என்கிறேன்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டு, சாட்சி "இல்லீங்க, இருந்தேன்" என்றால், "நான் அன்று சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று ஏடு ஏறும். கோர்ட் படி ஏறியவர்களுக்கு இந்த "சொன்னால் சரியல்ல" பழக்கமாகியிருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. நம் பக்கத்துப் பெரியவர்கள் மரியாதைக்கு "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே கேட்பார்கள். நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். ஏட்டில் அது ஒப்புதலாகிவிடும்.

மேல்மலையனூருக்குப் பக்கத்துக் கிராமத்தவர் ஒருவருடைய நிலத் தகராறு வழக்கில் நடந்தது இது. குறுக்கு விசாரணையில் வக்கீல் நயமாகத் தொடங்கினார்: "பெரியவரே, வரப்புக்கு இந்தப் பக்கம் உங்க நிலம், அந்தப் பக்கம் அவங்க நிலம்." "ஆமாங்க." "நடுவுல இருக்கிற கிணறு ரெண்டு பேருக்கும் பொது." "ஆமாங்க." அவ்வளவுதான். கிணறுதான் வழக்கே! பெரியவருடைய வக்கீல் பதறவில்லை, குரலை உயர்த்தவில்லை. மறு விசாரணைக்கு எழுந்து ஒரே கேள்வி கேட்டார். "இப்ப ஆமாங்க, ஆமாங்கன்னு சொன்னீங்களே, என்ன அர்த்தத்துல சொன்னீங்க?" பெரியவர் சொன்னார்: "வக்கீலய்யா சொல்றது காதுல விழுதுன்னேன். கெணறு எங்கப்பன் வெட்டுனதுங்க. அவங்களுக்கு ஏதுங்க பாத்தியம்?" கோர்ட்டில் சிரிப்பு. ஜட்ஜும் சிரித்துக்கொண்டே அதைப் பதிய வைத்தார். ஒரு வார்த்தையைக்கூடச் சாட்சியின் வாயில் திணிக்காமல் கேட்ட கேள்வி அது. என் சர்வீஸில் நான் கேட்ட மிகச் சிறந்த வாதம் எது என்று கேட்டால் இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன்.

பழைய சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 1873-ஆம் வருஷத்துச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, "எதிர்க்கட்சிக்காரர் இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் நான் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு கட்சிக்காரர் கோர்ட்டிலேயே சொல்லலாம். அவரும் ஒப்புக்கொண்டு அப்படிச் சத்தியம் செய்து சொன்னால், கட்டுப்படுகிறேன் என்று சொன்னவரைக் கட்டுப்படுத்தும் முடிவான ஆதாரம் அதுவே. 1969-இல் வந்த புதுச் சட்டம் இதை விட்டுவிட்டது. கோர்ட் கூண்டில் கூசாமல் பொய் சொல்கிறவர், அங்காளம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய் என்றால் தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பேச்சு மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

லட்சுமிகாந்தன் வழக்குக்கு வருகிறேன். விடுதலைக்குப் பிறகு கிருஷ்ணன் மீண்டும் எழுந்தார். பாகவதருக்குப் பழைய நாட்கள் திரும்பவில்லை, 1959-இல் காலமானார். இரண்டே கால் வருஷத்துக்கு மேல் சிறையில் கழிந்ததை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பதற்கு இன்றுவரை நிச்சயமான பதில் இல்லை. அவர் எழுதியது எப்படிப்பட்டதாக இருந்தாலும் நடுத்தெருவில் குத்தப்பட்டுச் செத்த ஒரு மனிதர். இத்தனை பெரிய வக்கீல்கள், இத்தனை சபைகள். அவருக்கான பதில் மட்டும் வரவில்லை. நல்ல வக்கீலால் பொய்க் கதையை உடைக்க முடியும். இல்லாத சாட்சியத்தை உண்டாக்க முடியாது. உண்டாக்கவும் கூடாது.

கடைசியாக, சாட்சி சொல்லப் போகும் நம்மவர்களுக்கு ஒரு பழைய பெஞ்ச் கிளார்க்கின் வார்த்தை. கேள்வி முழுவதையும் கேளுங்கள். புரியாவிட்டால் "புரியலீங்க" என்று சொல்லுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஏட்டை வாசித்துக் காட்டும்போது தலையாட்டிவிடாமல் காது கொடுங்கள். தவறாக ஏறியிருந்தால் கையெழுத்துப் போடுமுன் சொல்லுங்கள். முக்கியமாக, மரியாதைக்குக்கூட "ஆமாங்க" சொல்லாதீர்கள்.